குடியுரிமை இல்லாதவர் தேர்தலில் வேட்பாளராக நிற்க முடியுமா?

கேள்வி கேட்டவரின் பெரியப்பா மகன் அமெரிக்கக் குடிமகன். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருக்கிறது, ஊரில் வீடும் நிலமும் இருக்கின்றன. சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கலாமா என்கிறார்.

முடியாது. அரசியல் சட்டத்தின் 173ஆவது பிரிவு சட்டமன்றத்துக்கும், 84ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கும் முதல் தகுதியாகக் கேட்பதே இந்தியக் குடியுரிமையைத்தான். ஓசிஐ அட்டைக்கு ஓட்டும் கிடையாது, வேட்புமனுவும் கிடையாது. துபாயில் வேலை பார்த்துக்கொண்டு இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் கதை வேறு. அவர் படிவம் 6ஏ கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் வாக்காளராகலாம், தேர்தலிலும் நிற்கலாம். நிறையப் பேர் இந்த இருவரையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பிறப்பால் இந்தியராக இருக்க வேண்டும் என்பதில்லை. சோனியா காந்தி 1983இல் பதிவு மூலம் குடியுரிமை பெற்றவர். அவர் 1999இல் ஜெயித்ததை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2001இல் தோற்றது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஓட்டை ஓரிடத்தில் இருக்கிறது. வருவாய்த் துறையில் இருந்தபோது வேட்புமனு பரிசீலனை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். முன்மொழிபவர் கையெழுத்து, டெபாசிட் ரசீது, உறுதிமொழி, பிரமாணப் பத்திரத்தில் காலியாக விட்ட கட்டம், இதையெல்லாம் துருவிப் பார்ப்போம். பாஸ்போர்ட்டைக் காட்டு என்று யாரையும் கேட்டதில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 36(7)இன்படி வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகலே போதும். தகுதியிழப்பு இருக்கிறது என்று ஆட்சேபிப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஒரு நாள் பரிசீலனையில் அதை எங்கே நிரூபிப்பது? தேர்தல் முடிந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம், அவ்வளவுதான்.

அந்த வழி எவ்வளவு நீளம் என்பதற்குத் தெலங்கானாவின் வேமுலவாடா தொகுதி. சென்னமனேனி ரமேஷ் 1993இல் ஜெர்மன் குடியுரிமை வாங்கியவர். ஊர் திரும்பி 2008இல் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார், 2009 தொடக்கத்தில் கிடைத்தது, அந்த ஆண்டே எம்.எல்.ஏ. ஆனார். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதமும் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வெளிநாடு போய்வந்ததை மறைத்துவிட்டார் என்று எதிர்த்து நின்ற ஆதி ஸ்ரீனிவாஸ் புகார் கொடுத்தார். 2010இல் நடந்த இடைத்தேர்தலிலும் ரமேஷே ஜெயித்தார்; 2013இல் உயர் நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. 2014இல் ஜெயித்தார். 2017இல் உள்துறை அமைச்சகம் குடியுரிமையைப் பறித்தது, நீதிமன்றத்துக்குப் போனார், 2018இலும் ஜெயித்தார். 2019இல் மறுபடி பறித்தது, மறுபடி தடை. 2024 டிசம்பரில்தான் தெலங்கானா உயர் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்து 30 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. அதில் 25 லட்சம் ஆதி ஸ்ரீனிவாஸுக்கு. அதற்குள் அவரே 2023இல் அந்தத் தொகுதி எம்.எல்.ஏ. ஆகிவிட்டார். வாக்காளர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டியலில் பெயரும் பெட்டியில் சின்னமும் இருந்தால் ஓட்டுப் போடத்தான் செய்வார்கள். பட்டியலில் பெயர் சேர்க்கும்போதே பார்க்க வேண்டிய வேலை இது.

எல்லா நாட்டிலும் இப்படியில்லை. பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி பெற்ற இந்தியரோ இலங்கையரோ, பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமலே நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கலாம். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு அங்கே அந்த உரிமை உண்டு. 

உங்கள் அண்ணன் உண்மையாகவே நிற்க நினைத்தால் வழி இருக்கிறது. ஓசிஐ பதிவு செய்து 5 ஆண்டு ஆகியிருந்து, 12 மாதம் இங்கேயே தங்கியிருந்தால், குடியுரிமைச் சட்டம் 5(1)(ஜி)யின் கீழ் விண்ணப்பிக்கலாம். அமெரிக்கக் குடியுரிமையை விட வேண்டியிருக்கும். விண்ணப்பத்தில் தங்கிய நாட்களை எழுதும்முன் பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எதிர்த்து நிற்பவர் கட்டாயம் பார்ப்பார்.