மெஷின் முதல்ல வாங்கலாமா?

கே: சார், நாங்க திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமம். மாப்பிள்ளை சம்பா அவல் போட்டு பாக்கெட்ல விக்கலாம்னு ஆசை. முதல்ல மெஷின் வாங்கிட்டு அப்புறம் லோனுக்கு போகட்டுமா? - ஒரு வாசகி

ப: வேண்டாம்மா, இப்ப அட்வான்ஸ்கூட கொடுத்துடாதீங்க. ஏன்னா பிஎம்இஜிபி (மத்திய அரசோட பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) மானிய லோன் புதுசா ஆரம்பிக்கறவங்களுக்குத்தான், கிராமத்துல பெண்களுக்கு மொத்த திட்டச் செலவுல 35% மானியம், கைக்காசு 5% போதும், மாவட்ட தொழில் மையத்துல கேளுங்க. ஆனா மானியம் கைக்கு வராது, பேங்க்லயே 3 வருஷம் டெபாசிட்டா கிடந்துதான் கடன்ல கழியும். எனக்கு பெரிய கவலை நெல்லுதான், சம்பா அறுவடை தை மாசிலதான், அப்பவே மூட்டை மூட்டையா வாங்கி வைக்கணும், அவல் வித்த காசோ வருஷம் பூரா சில்லறையாத்தான் வரும், அதனால லோனுக்கு கொடுக்கற ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல (தொழில் திட்ட அறிக்கை) மெஷின் விலையோட நெல் வாங்குற பணத்தையும் கண்டிப்பா சேர்த்து எழுதுங்க. உத்யம் பதிவு (சிறு தொழில்னு அரசு வெப்சைட்ல பண்ற பதிவு) இலவசம், அதுக்கு யார் காசு கேட்டாலும் கொடுக்காதீங்க.