பாய்லர் கன்ட்ரோல் சிஸ்டத்தில் எஃபிஷியன்சி கணக்கை நேரடி முறையில் வைப்பதா, மறைமுக முறையிலா?

மேனேஜர் "ஸ்கிரீன்ல எஃபிஷியன்சி தெரியணும்"னு சொல்லிவிட்டுப் போயிருப்பார், நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். இரண்டையும் வையுங்கள். ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும்.

கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ஃபர்னஸ் ஆயில் பாய்லருக்கு நான் நேரடி முறை மட்டும் போட்டேன். ஸ்டீம் ஏற்றிக்கொண்ட வெப்பத்தை எண்ணெய் தந்த வெப்பத்தால் வகுப்பது, பிஎல்சியில் (மெஷினை ஓட்டும் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) நாலு வரி. ஸ்கிரீனில் 104 சதவீதம்! சிரிக்காதீர்கள், அதை மாத ரிப்போர்ட்டில் போட்டு மேலே அனுப்பியும் விட்டார்கள்.

மூன்று நாள் புரோகிராமையே நோண்டினேன். கடைசியில் ஸ்டீம் ஃப்ளோ மீட்டரின் பழைய டேட்டா ஷீட்டைத் தேடி எடுத்தால், டிசைன் பிரஷர் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ. கேஜில் ஓடுவது 7. பிரஷர் குறைந்தால் ஸ்டீமின் அடர்த்தியும் குறையும், மீட்டரில் இருக்கும் ஆரிஃபிஸுக்கு (ஓட்டத்தை அளக்கும் துளைத்தட்டு) அது தெரியாது. 100 போனால் 116 என்று காட்டிக்கொண்டிருந்தது. அடர்த்தி விகிதத்தின் வர்க்கமூலத்தால் திருத்தியதும் 89க்கு வந்தது. அதுவும் உறுத்தியது. பார்த்தால் ஜிசிவி, அதாவது எண்ணெயின் மொத்த வெப்ப மதிப்பு, போட வேண்டிய இடத்தில் யாரோ (சரி, நான்தான்) புகையில் நீராவியாகப் போகும் வெப்பத்தைக் கழித்த என்சிவி, கிலோவுக்கு 9,650 கிலோகலோரி, போட்டிருக்கிறேன். 10,200 போட்டதும் 84 சொச்சம். அந்தப் பாய்லரின் லட்சணம் அவ்வளவுதான்.

அப்புறம்தான் மறைமுக முறையும் சேர்த்தேன்: புகைபோக்கி வெப்பநிலை, ஆக்சிஜன் இரண்டையும் வைத்து இழப்புகளை நூறிலிருந்து கழிப்பது. புகை போகும் டக்ட் ஜாயின்ட் ஒழுகினால் வெளிக்காற்று புகுந்து ஆக்சிஜன் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி ஆக்சிஜன் டிரிம் (ஆக்சிஜனைப் பார்த்துக் காற்றைச் சரிசெய்யும் கன்ட்ரோல்) காற்றைக் குறைத்தால் கரும்புகைதான். புகைபோக்கியில் ஆக்சிஜன் அளக்கும் ஜிர்கோனியா புரோப் ஈரப் புகையை அளக்கிறது, கையில் கொண்டுபோகும் அனலைசர் உலர்த்தி அளக்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று சண்டை போடாதீர்கள்.

"ஐஎஸ் 8753 (பாய்லர் எஃபிஷியன்சி டெஸ்டுக்கான இந்தியத் தரநிலை) படி டெஸ்ட் எடுக்காம என்ன எஃபிஷியன்சி?"ன்னு ஒருத்தர் வருவார். தெரியும் சார். ஸ்கிரீனில் இருக்கும் இது நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் பார்க்க.

இவ்வளவையும் கண்டுபிடித்தது டிப்ளமோக்காரனான நான். அந்த வருஷம் பிரமோஷன் போனது 104ஐ ரிப்போர்ட்டில் போட்ட இன்ஜினியருக்கு. சரி, விடுங்கள்.

ஒரு மணிநேரச் சராசரி வையுங்கள். பர்னர் நின்றால் கணக்கையும் நிறுத்துங்கள். பூஜ்யத்தால் வகுத்து பிஎல்சி ஃபால்ட் ஆனால், ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் உங்களுக்குத்தான் வரும்.