குன்னூரில் பழைய வீடு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கும் மனைவிக்கும் அடுத்த ஆண்டு பணி ஓய்வு. குன்னூரில் 1930-களில் கட்டிய ஓட்டு வீடு ஒன்றை ஏப்ரலில் போய்ப் பார்த்தோம். மரத்தரை, கணப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. பின்பக்கம் 12 அடி உயரத்தில் தடுப்புச்சுவர். படுக்கையறைச் சுவரில் மட்டும் இடுப்பளவுக்கு ஓதம். சிமெண்ட் பூசி பெயின்ட் அடித்தால் போய்விடும் என்கிறார் மேஸ்திரி. பத்திரம் சுத்தம் என்கிறார் தரகர். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

இப்போது கொடுக்காதீர்கள். ஏப்ரலில் பார்த்த வீட்டை நவம்பரில் இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கொடுங்கள். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பெரிது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் அடித்துப் பெய்வது வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது அந்த மழையில்தான். நல்ல மழை நாளில் குடையோடு போய் வீட்டின் பின்னால் நில்லுங்கள். மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் எந்த வழியாக வந்து, வீட்டை எப்படிச் சுற்றி, எங்கே போய் விழுகிறது என்று கண்ணால் பாருங்கள். வெயில் நாளில் எந்த வீடும் நல்ல வீடுதான்.

அந்தத் தடுப்புச்சுவர் முன் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். மேலிருந்து ஒரு தூக்குக்குண்டு விட்டால் சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். வயிறு தள்ளியிருந்தாலோ, குறுக்காக விரிசல் ஓடியிருந்தாலோ பின்னாலுள்ள மண் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. சுவரிலுள்ள நீர்த்துளைகளையும் கவனியுங்கள். மூன்று நாள் மழைக்குப் பிறகும் துளைகள் காய்ந்து கிடந்தால் சந்தோஷப்படாதீர்கள், அவை அடைத்துக்கொண்டிருக்கலாம். வெளியேற வழியில்லாத தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கி, மண்ணின் பாரத்தோடு தன் பாரத்தையும் ஏற்றும். பெரும்பாலான சுவர்கள் விழுவது இப்படித்தான். மழையே இல்லாத நாளில் துளையில் ஈரம் கசிந்தால், மேல்வீட்டுக் கழிவுநீர்க் குழி எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள்.

12 அடிச் சுவரைக் கருங்கல்லில் புதிதாக எடுக்க வேண்டி வந்தால் அடி அகலம் 6 அடிக்குக் குறையக்கூடாது. பின்னால் ஓரடி கனத்துக்கு ஜல்லி நிரப்பி, 5 அடிக்கு ஒன்றாக 4 அங்குலக் குழாய்களை வெளிப்பக்கம் சற்றுச் சரித்து வைக்க வேண்டும். இது கட்டடப் பொறியாளர் வரைபடம் போட்டுச் செய்ய வேண்டிய வேலை. செலவும் பெரிது; விலை பேசும்போதே கழித்துப் பேசுங்கள். சுவர் யாருடையது என்பதையும் நில அளவை வரைபடத்தை வைத்து அளந்து உறுதி செய்யுங்கள். இடிந்து விழுந்த பிறகு அது தன்னுடையது என்று யாரும் வர மாட்டார்கள்.

ஓதத்துக்குச் சிமெண்ட் பூசவே பூசாதீர்கள். அந்தக் காலத்து வீட்டில் ஒன்றரை அடிச் சுவரைச் சுண்ணாம்புக் காரையில்தான் கட்டியிருப்பார்கள். மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தை அந்தச் சுவர் தன் மேனி வழியாகவே ஆற்றிவிடும். சிமெண்டும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. ஈரம் பூச்சுக்குள்ளேயே ஏறி, பூச்சு முடியும் இடத்துக்கு மேலே உப்புப் பூத்து வெளிவரும். இடுப்பளவு ஓதம் இரண்டு வருடத்தில் தோளளவு ஆவது இதனால்தான். உங்கள் சுவரைச் சாவியால் தட்டிப் பாருங்கள். டொக் டொக்கென்று பொள்ளலாகக் கேட்டால் ஏற்கெனவே யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், அது உள்ளே சுவரை விட்டுக் கழன்றிருக்கிறது.

வைத்தியத்தைச் சுவருக்கு வெளியே தொடங்க வேண்டும். வருடக்கணக்கில் தோட்டத்து மண் ஏறி ஏறி வெளித்தரை வீட்டுத்தரைக்குச் சமமாக வந்திருக்கும். அதை அரையடியாவது கீழே இறக்கி, சுற்றிலும் வாய்க்கால் எடுங்கள். மரத்தரைக்கு அடியில் காற்று போக வெளிச்சுவரில் சிறிய துளைகள் இருக்கும். எலி வருகிறதென்று அவற்றை அடைத்துவிடுவார்கள். அடியிலுள்ள சட்டங்கள் உளுத்துப்போக அதுவே போதும். திறந்து கம்பிவலை போடுங்கள். சுவர் ஓரமாக ஒரு பலகையைப் பெயர்த்து, சட்டத்தின் நுனியில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்தச் சட்டம் போய்விட்டது. இதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

இவ்வளவும் முடிந்த பிறகு சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவரைக் கோடை முழுக்கக் காயவிட்டு, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு என்ற கலவையில் அரை அங்குலமாக இரண்டு பூச்சு. ஒவ்வொன்றும் வெயிலில் சட்டென்று காயாமல் பத்து நாளாவது ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். அவசரப்பட்டால் வெடித்துவிடும். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான். இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. தேடிப் பிடிக்க வேண்டும்.

புகைபோக்கி கூரை ஓடுகளைச் சந்திக்கும் இடமும், தகர வடிகாலும் ஒழுகும். மரங்கள் நெருக்கமாக இருந்தால் ஜூனுக்கு முன்னும் அக்டோபருக்கு முன்னும் வடிகாலிலுள்ள சருகை அள்ளியாக வேண்டும்.

பத்திரம் சுத்தம் என்ற ஒற்றை வார்த்தையை நம்பாதீர்கள். தாய்ப்பத்திரம், நகர நில அளவைப் பதிவேடு, வில்லங்கச் சான்று மூன்றையும் குன்னூரிலேயே தொழில் செய்யும் ஒரு வக்கீலிடம் கொடுங்கள். பழைய வீடுகளுக்குப் பெரும்பாலும் வாரிசுகள் பலர், அவர்களில் சிலர் வெளிநாட்டில். பவர் பத்திரத்தை வைத்து விற்கிறார்கள் என்றால், எழுதிக்கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் இறந்துவிட்டால் பவரும் பொதுவாகச் செல்லாது. வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியா வந்து 3 மாதத்துக்குள் முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். நகர எல்லைக்கு வெளியே தேயிலைத் தோட்டத்தைப் பிரித்த மனையைக் காட்டினால், அது 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறதா என்று விசாரிக்காமல் தொடாதீர்கள். வந்தால் அந்தச் சட்டப்படி அமைந்த மாவட்டக் குழுவின் அனுமதியில்லாத விற்பனை செல்லாது.

பின்னாளில் சேர்த்துக் கட்டிய அறை, கார் ஷெட் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வரைபட அனுமதி கேளுங்கள். வரி ரசீது அனுமதியாகாது. மரம் வெட்ட, ஆழ்துளைக் கிணறு போட, மண்ணைத் தோண்ட ஜேசிபி கொண்டுவர, எல்லாவற்றுக்கும் இங்கே அனுமதி வேண்டும். பத்திரச் செலவுக்கு முத்திரை 7, பதிவு 2 என்று மொத்தம் 9 சதவீதம் ஒதுக்குங்கள்.

குன்னூர் நகரத்துக்குத் தண்ணீர் ரேலியா அணையிலிருந்து வருகிறது. உங்கள் தெருவுக்குக் கோடையில் எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று தரகரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டம்மாவிடம் கேளுங்கள். 15 நாள் என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் வீதம் உங்கள் இருவருக்கே 3000 லிட்டர். விருந்தாளிகளையும் நினைத்து 5000 லிட்டர் தொட்டிக்கு இடம் இருக்கிறதா பாருங்கள். கார் விஷயம்: 2024 மே முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், நீலகிரியின் டிஎன் 43 பதிவுள்ளவற்றுக்கு வேண்டாம். குடிவந்ததும் வண்டியின் பதிவுச் சான்றில் முகவரியை மாற்றிக்கொண்டு, இ-பாஸுக்கு என்ன செய்ய வேண்டும் என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள்.

கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒன்றைக் கேட்கிறேன். வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசலுக்கு எத்தனை படி? குன்னூரில் பல வீடுகளுக்குப் படிக்கட்டுதான் வழி. மணலும் ஜல்லியும் கேஸ் சிலிண்டரும் தலைச்சுமையாகத்தான் இறங்கும். மராமத்துச் செலவு அதற்கேற்ப ஏறும். அறுபது வயதில் ஏறிவிடலாம். எழுபத்தைந்தில், நள்ளிரவில், மழையில், உங்களில் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு வர அந்தப் படியில் நான்கு பேர் நடக்க இடம் இருக்கிறதா? நவம்பரில் போகும்போது அகலத்தையும் அளந்து எழுதுங்கள்.