19 படி, 7,000 ரூபாய்

கேள்வி: அம்மாவுக்கு 66 வயதுங்க. இருபது வருஷத்துக்கு முன்னால், எருமைகளுக்குத் தண்ணி எடுக்கக் கிணற்றில் இறங்கி வழுக்கி, இடது கணுக்கால் உடைந்தது. மாவுக்கட்டுப் போட்டுச் சரியானது. இப்போது மூட்டுத் தேய்மானம் என்கிறார் டாக்டர். பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, குட்டிக் குட்டி எட்டு வைத்து நடக்கிறார். நேரா நடங்கம்மா என்றால் கேட்பதில்லை. கீழ் வீட்டை பனியன் கம்பெனி ஆட்களுக்கு 7,000 ரூபாய் வாடகைக்கு விட்டு, நாங்கள் மாடியில் இருக்கிறோம். விடிகாலை வாசல் தெளிக்க இறங்கும்போது 19 படியையும் பக்கவாட்டாகவே இறங்குகிறார். இந்த நடையைத் திருத்த என்ன வழி?
– வாசகர், ஊத்துக்குளி

பதில்: கீழ் வீடு வாடகைக்கு என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள் தம்பி. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

படி இறங்கும்போது, மேல் படியில் ஊன்றி நிற்கிற காலின் கணுக்கால் நன்றாக மடங்க வேண்டும். சமதரையில் நடப்பதைவிட அதிகமாக. உங்கம்மாவுக்கு அது மடங்காது, மடங்கினால் உயிர் போகும். அதனால்தான் பக்கவாட்டு. பாதத்தைத் திருப்பி வைப்பதும் இதற்குத்தான். நேராக வைத்தால் உடம்பு முன்னே போகக் கணுக்கால் மடங்கியாக வேண்டும். திருப்பி வைத்தால் பாதத்தின் உள்ஓரமாக உருண்டு தாண்டிவிடலாம். முன்பாதத்தால் தரையை உந்தும் பலமும் குறைந்திருக்கும், எட்டு சுருங்கத்தான் செய்யும். யாரும் சொல்லித்தராமல் அவரே கண்டுபிடித்த நடை அது. அதைப் போய்த் திருத்துகிறாராம்!

வயசானா வர்றதுதானே என்று மட்டும் சொல்லாதீர்கள். முழங்காலுக்கு அது பொருந்தும். கணுக்கால் தேய்ந்தால் பெரும்பாலும் பழைய அடிதான் காரணம். எருமைக்குத் தண்ணி எடுக்கப் போய் உடைந்த கால். அந்த எருமைப்பால் வெண்ணெய்க் காசில் வளர்ந்தவர்தானே நீங்கள்?

கைத்தடி வாங்கிக் கொடுங்கள். வலது கையில் பிடிக்க வேண்டும், நோகிற கால் பக்கம் அல்ல. அடிப்பாகம் வளைந்து உருளும் காலணியும் கணுக்கால் பட்டையும் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். எக்ஸ்ரே எடுத்தால் நிற்கவைத்து எடுக்கட்டும். படுத்த காலில் தேய்மானம் முழுசாகத் தெரியாது. ஆபரேஷன் பேச்சு அதற்கப்புறம்.

7,000 ரூபாய் சும்மா வராது, திருப்பூர்ப் பக்கத்து நிலவரம் எனக்கும் தெரியும். ஆனாலும் பெத்தவளை மாடியேற்றிவிட்டு வாங்குகிற வாடகையை நான் வருமானம் என்று சொல்ல மாட்டேன். கீழ் வீட்டுக்காரர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இரண்டு மாதம் கேட்பார்கள், கொடுங்கள். அதுவரை விடிகாலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் இறங்குங்கள்.