'அமூர்' படம் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் திரைப்பட வட்டத்தில் 'அமூர்' திரையிட்டோம். மைக்கேல் ஹானெகே இயக்கி 2012-இல் வந்த பிரெஞ்சுப் படம். 'அமூர்' என்றால் காதல். ஜார்ஜும் ஆனும் எண்பது வயதைத் தாண்டிய தம்பதி, ஓய்வுபெற்ற பியானோ ஆசிரியர்கள். பாரிஸில் பழங்காலத்து அடுக்குமாடி வீடொன்றில் இருவர் மட்டும் வாழ்கிறார்கள். ஆனுக்குப் பக்கவாதம் வருகிறது. ஜார்ஜ் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறார். கதை அவ்வளவுதான்.

படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு வெகுநேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அவற்றுக்கு நான் சொன்ன பதில்களைக் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன். முடிவைப் பற்றியும் பேசியிருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கேள்வி: சார், "முதுமையில் ஆசை பற்றிய படம்" என்று அறிமுகத்தில் சொன்னீர்கள். நான் பார்த்தது நோயும் சாவும் மட்டும்தான். ஆசை எங்கே இருக்கிறது?

மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, படத்தின் தொடக்கத்தில். இருவரும் ஒரு பியானோ கச்சேரிக்குப் போய்விட்டு இரவில் வீடு திரும்புகிறார்கள். கோட்டைக் கழற்றும்போது ஜார்ஜ், "இன்றைக்கு நீ எவ்வளவு அழகாக இருந்தாய் என்று சொன்னேனா?" என்கிறார். ஆன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எத்தனையோ வருடங்களாகக் கேட்டுப் பழகிய காது அது. நோய் வருவதற்கு முந்தைய கடைசி இரவில் இந்த ஒரு வரியை இயக்குநர் வைத்திருக்கிறார்.

இரண்டாவது, மகள் ஏவா அப்பாவிடம் பேசும் காட்சி. சின்ன வயதில் நீங்கள் இருவரும் சேர்ந்திருக்கும் சத்தம் என் காதில் விழும், அது எனக்கு ஆறுதலாக இருக்கும், நீங்கள் ஒருவரையொருவர் நேசிக்கிறீர்கள், நாம் எப்போதும் ஒன்றாக இருப்போம் என்று தோன்றும் என்கிறாள். நம் வீடுகளில் எந்த மகளும் அப்பாவிடம் சொல்லாத பேச்சு. அரங்கில் சிலர் நெளிந்ததைக் கவனித்தேன். ஆனால் நாம் கிழவன் கிழவியாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்த இருவருக்கும் ஒரே நொடியில் உடலும் இளமையும் திரும்பக் கிடைத்துவிடுகின்றன.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆனை வீல்சேரிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் காட்சி. ஜார்ஜ் குனிந்து அவளுடைய முதுகைச் சுற்றிக் கைகளைக் கோக்கிறார். அவள் வேலை செய்யும் இடது கையை அவர் தோள்மேல் போடுகிறாள். மெல்லத் தூக்கி நிறுத்துகிறார். ஒரு கணம் இருவரும் நெஞ்சோடு நெஞ்சாக நிற்கிறார்கள். பிறகு சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்புகிறார்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் நடனம் என்றுதான் நினைப்பீர்கள். அந்த வயதில், அந்த நிலையில் அவர்களுக்குக் கிடைக்கிற தழுவல் அதுதான். பணிவிடை வேறு, ஆசை வேறு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். இந்தப் படத்தில் இரண்டும் ஒரே கைகளில் இருக்கின்றன. எனக்குத் தெரிந்து இதை இவ்வளவு நேராகக் காட்டிய படம் வேறில்லை.

கேள்வி: ஆனுக்கு என்னதான் ஆகிறது? மருத்துவமாகப் புரியவில்லை.

காலை உணவின்போது சில நிமிடங்கள் அசைவில்லாமல் உறைந்துபோகிறாள். கழுத்து வழியாக மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியில் அடைப்பு. அறுவை சிகிச்சை செய்கிறார்கள். தோற்க வாய்ப்பு ஐந்து சதவீதம்தான் என்று டாக்டர்கள் சொன்ன சிகிச்சை தோற்றுவிடுகிறது. வலது பக்கம் செயலிழக்கிறது. பிறகு இன்னொரு தாக்குதல் வந்து பேச்சும் குழறிப்போகிறது.

அந்தக் காலை உணவுக் காட்சியில் குழாயைக் கவனித்தீர்களா? ஜார்ஜ் துண்டை நனைத்து அவள் முகத்தில் ஒற்றுகிறார். பதற்றத்தில் குழாயை மூட மறந்து, உடை மாற்ற உள்ளே போகிறார். தண்ணீர் ஓடும் சத்தம் நமக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. திடீரென்று நின்றுவிடுகிறது. ஆன் எழுந்து குழாயை மூடியிருக்கிறாள் என்பதை அந்த மௌனத்திலிருந்தே தெரிந்துகொள்கிறோம். ஜார்ஜ் ஓடி வருகிறார். குழாயைத் திறந்துவிட்டுப் போய்விட்டீர்களே என்று அவள் கேட்கிறாள். நடுவில் என்ன நடந்தது என்று அவளுக்கு நினைவே இல்லை. சரி, ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று நாமும் நினைக்கும்போது, தேநீர் ஊற்றப்போய்க் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறாள்.

கேள்வி: இசை ஆசிரியர்கள் பற்றிய படத்தில் பின்னணி இசையே இல்லையே?

ஆமாம், கடைசிப் பெயர்கள் ஓடும்போதுகூட மௌனம்தான். படத்துக்குள் வரும் இசையும் பாதியில் அறுந்துபோகிறது. ஆன் பியானோவில் இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் இசையை வாசிப்பதை ஜார்ஜ் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு திரும்பி சிடி பிளேயரை அணைக்கிறார். அவள் அங்கே இல்லை. அவர் மனதில் மட்டும் வாசித்திருக்கிறாள். பார்க்க வரும் பழைய மாணவனாக நடித்தவர் அலெக்சாந்த்ர் தாரோ, நிஜத்திலும் பிரெஞ்சு பியானோ கலைஞர்.

கேள்வி: அண்ணா, அந்த வீடு நிஜ வீடா? ஒவ்வொரு அறையும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். வியன்னாவில் ஹானெகேயின் பெற்றோர் வாழ்ந்த வீட்டின் அமைப்பை ஒட்டிக் கட்டினார்கள். கச்சேரியும் அதன்பின் வரும் பேருந்துப் பயணமும் தவிர, படம் முழுக்க அந்த வீட்டுக்குள்தான். அதனால்தான் உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கிறது.

கேள்வி: தண்ணீர் குடிக்க மறுத்ததற்கு அறைகிறாரே. அதன் பிறகு அந்த மனிதரை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

பிடிக்காமல் போனதில் தப்பில்லை. நான் வேறு விதமாகப் பார்ப்பதற்குக் காரணம் என் அம்மா. பக்கவாதத்துக்குப் பிறகு மூன்று வருடம் படுக்கையில் இருந்தார். ஸ்பூனால் ஊட்டுவேன். வாயை இறுக மூடிக்கொள்வார், இல்லை துப்பிவிடுவார். ஒருநாள் டம்ளரைத் தரையில் வீசியிருக்கிறேன். கை ஓங்கவில்லை, ஆனால் ஓங்குவதற்கு எவ்வளவு தூரம் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஜார்ஜின் கோபம் அவள் துப்பியதற்காக இல்லை. தண்ணீர் குடிக்காவிட்டால் அவள் செத்துப்போவாள் என்ற பயம். அவள் அதைத்தான் விரும்புகிறாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டதால் வந்த பயம். அறைந்ததும் அவர் முகத்தைப் பாருங்கள். அடுத்து இயக்குநர் வசனம் எதுவும் வைக்காமல், சுவரில் தொங்கும் இயற்கைக்காட்சி ஓவியங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். நமக்கு மூச்சு வாங்க இடம் கொடுக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கடைசியில் அவர் செய்தது கொலைதானே? அதைக் காதல் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

சட்டப்படி கொலைதான். படம் வந்தபோது பிரான்சில் உயிரை முடித்துக்கொள்ள டாக்டர் உதவுவதற்கு இடமில்லை. 2005-இல் வந்த சட்டம் பயனற்ற சிகிச்சையை நிறுத்த அனுமதித்தது. 2016-இல், சாவின் விளிம்பில் வேதனைப்படுகிறவர்களை இறுதிவரை ஆழ்ந்த மயக்கத்தில் வைத்திருக்க வழி செய்தார்கள். அதற்கு மேல் என்ன செய்யலாம் என்ற விவாதம் அங்கே நாடாளுமன்றம்வரை போயிருக்கிறது.

ஆனால் ஹானெகே வழக்காடவில்லை. தன்னை வளர்த்த அத்தையின் முதுமையும் வேதனையும்தான் இந்தக் கதைக்கு விதை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆன் வலியில் அனத்துகிறாள். ஜார்ஜ் அவள் கையைத் தடவிக்கொண்டே, சிறு வயதில் கோடை முகாமில் பட்ட கஷ்டத்தைக் கதையாகச் சொல்கிறார். அவள் அமைதியாகிறாள். அதன் பிறகுதான் தலையணையை எடுக்கிறார். அது கருணையா, களைப்பா, அவளுக்குக் கொடுத்த வாக்கா? எல்லாமும் கலந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. நியாயம் என்று சொல்ல என்னால் முடியாது. அந்த மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் மனம் வரவில்லை.

கேள்வி: புறா எதற்கு?

இரண்டு முறை ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. முதல் முறை துரத்திவிடுகிறார். இரண்டாம் முறை, ஆன் போன பிறகு, போர்வையைப் போட்டுப் பிடித்து மடியில் வைத்துத் தடவிக்கொடுக்கிறார். பறக்க விட்டுவிட்டேன் என்று கடிதத்தில் எழுதுகிறார். ஆன்மா, விடுதலை என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அது வெறும் புறாதான். தொடுவதற்கு ஆளில்லாத கைகளுக்குக் கிடைத்த கதகதப்பான ஓர் உயிர்.

கேள்வி: நடித்தவர்கள் நிஜமாகவே அந்த வயதா?

ஜார்ஜாக நடித்த ழான் லூயி த்ரென்தின்யான் பிறந்தது 1930-இல். ஆனாக நடித்த இமானுவேல் ரிவா 1927. தாதி குளிப்பாட்டும் காட்சியில் முதிய உடலை எந்த மறைப்பும் இல்லாமல் காட்டச் சம்மதித்தாரே, அந்தத் துணிச்சலுக்கு விருது எதுவும் ஈடில்லை. இருந்தாலும் சொல்கிறேன்: கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனை, பிரான்சின் தேசியத் திரைப்பட விருதான செசார் ஐந்து, ஆஸ்திரியா சார்பில் அனுப்பப்பட்டுச் சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர். ரிவா 85 வயதில் சிறந்த நடிகைக்குப் பரிந்துரைக்கப்பட்டார்; அந்தப் பிரிவில் அதுவரை யாருக்கும் அந்த வயதில் அது கிடைத்ததில்லை. 2013-இல் ஆஸ்கர் விழா நடந்த நாள் அவருடைய 86-ஆவது பிறந்தநாள். அவர் 2017-இலும் த்ரென்தின்யான் 2022-இலும் காலமானார்கள்.

கேள்வி: என் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாமனாரையும் உட்கார வைத்து இந்தப் படத்தைக் காட்டலாமா?

இப்போது வேண்டாம் அம்மா. தினமும் செய்கிற வேலையைத் திரையிலும் பார்க்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. முடிவு அந்தப் பெரியவரை எப்படித் தாக்கும் என்றும் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் செய்து பாருங்கள். மாமியாரைத் தூக்கி உட்காரவைக்கும்போது மாமனாரையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லுங்கள். பாரம் முழுக்க உங்கள் கையில் இருக்கட்டும். அவர் சும்மா தோளைப் பிடித்திருந்தால் போதும். என் அப்பாவை அப்படிப் பிடிக்கச் சொன்ன முதல் நாள், அம்மா உட்கார்ந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.