ரேகை விழாத கைக்கு எத்தனை ஷிப்ட்?

கேள்வி: அண்ணா, பெருமாநல்லூர் ரோட்டுல சின்னதா பனியன் கம்பெனி நடத்துறேன், கட்டிங்ல இருந்து பேக்கிங் வரைக்கும் 70 பேரு. போன வருஷம் விரல் வெக்கிற மிஷின் ஒண்ணு வாங்கி மாட்டுனோம். ஒரு 12 பேருக்கு ரேகை விழவே மாட்டேங்குது, காலைல வாசல்ல கூட்டம் நிக்குது, சனிக்கிழமை சம்பளம் போடுறப்ப "நான் வந்தேன், மிஷின்தான் எடுக்கல"ன்னு சண்டை. டீலர் முகம் பாக்குற மிஷினுக்கு மாறச் சொல்றாரு, அப்படியே துணி குடோனுக்கும் மெயின் வாசலுக்கும் லாக் போட்டுத் தர்றேங்கிறாரு. மாறலாமா? ரேகை வாங்கி வெக்கிறதுல சட்டப் பிரச்சனை ஏதாச்சும் வருமா?

பதில்: இப்போதைக்கு மாத்தாதீங்க தம்பி. 70 பேர்ல 12 பேருக்கு விழலைன்னா மிஷின் கெட்டுப்போச்சுன்னு நினைக்கறதைவிட, ஆளுங்களைப் பதிஞ்ச அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு யோசிங்க. நானே சொல்றேன் பாருங்க, டீலரோட பையன் சாயந்திரம் அஞ்சு மணிக்கு வந்திருப்பான், அஞ்சரைக்கு எல்லாரும் கிளம்பணும், வரிசையா நிக்க வெச்சு "கட்டைவிரல வைங்க, எடுங்க, வைங்க, எடுங்க"ன்னு ஆளுக்கு ஒரே ஒரு விரல மூணு தடவ வெச்சுட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டிருப்பான். அன்னிக்கு அந்தம்மா விரல் நுனிய மட்டும் வெச்சிருந்தா மிஷினுக்கு அந்த நுனிதான் தெரியும், மறுநாள் முழு விரலயும் அமுத்தி வெச்சா அதுக்கு இது வேற ஆளு.

மிஷின் ஒண்ணும் ரேகைய போட்டோவா வெச்சுக்கிட்டு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கறதில்ல. கோடு எங்க முடியுது, எங்க ரெண்டா பிரியுது, அந்தப் புள்ளிகள மட்டும் எடுத்து நம்பரா மாத்தி வெச்சுக்கும், அதைத்தான் டெம்ப்ளேட்டுங்கறாங்க. காலைல வெக்கிற விரல்லயும் அதே மாதிரி புள்ளி எடுத்து, போதுமான அளவு ஒத்துப்போனாத்தான் "தேங்க்யூ"ன்னு சொல்லும். எத்தனை ஒத்துப்போகணுங்கற அளவு மெனுல இருக்கு, கம்ப்ளைண்ட் அதிகமானா சில டீலருங்க சத்தமில்லாம அதக் கொறச்சு விட்டுட்டுப் போயிடுவாங்க. அப்புறம் எல்லாருக்கும் விழும், ஆனா மாரியம்மா வெச்சா மகேஸ்வரி பேரு வரும். அது விழாததைவிட மோசம்.

அந்த 12 பேரு யாருன்னு ஒரு தடவ எழுதிப் பாருங்க. பாதிக்கு மேல செக்கிங், கைமடி, அயர்னிங்காத்தான் இருக்கும். நாள் பூரா துணியத் தேய்ச்சுத் தேய்ச்சு, கறை எடுக்குற கெமிக்கல்ல கைய விட்டு, ஸ்டீம் சூட்டுல தோல் காஞ்சு, ரேகை மழுங்கிப்போன கைங்க. வயசானவங்களுக்கு இன்னும் கஷ்டம். வீட்டுல பாத்திரம் கழுவிட்டு ஈரக்கையோட ஓடி வர்றவங்க ஒரு பக்கம், கல்யாண சீசன்ல மருதாணி வெச்சுட்டு வர்றவங்க ஒரு பக்கம். ரேஷன் கடைல விரல நெத்தில தேய்ச்சுட்டு வெக்கிறாங்கல்ல, அது சும்மா இல்லீங்க, காஞ்ச தோலுக்கு கொஞ்சம் எண்ணெய்ப் பசை ஏறுனா கோடு தெளிவா விழும். அங்கயே விழாதவங்களுக்குக் கண்ணப் பாக்குற கருவி கொண்டு வர வேண்டியதாப் போச்சு.

அதனால அந்த 12 பேரோட பழைய பதிவ அழிச்சுட்டு திரும்பப் பதிங்க. சாயந்திரம் வேண்டாம், அவங்க காலைல வந்து நிக்கிற அதே நேரத்துல, அதே கையோட. ரெண்டு கையிலயும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும், மொத்தம் நாலு. விரல் நடுவுல இருக்கற சுழி கண்ணாடி நடுவுல உக்காரணும், அமுத்தக் கூடாது, லேசாப் படிஞ்சாப் போதும். எந்த விரல் மூணு தடவையும் சட்டுன்னு விழுதோ அதத்தான் தினமும் வெக்கணும்னு அவங்களுக்கே சொல்லிக் குடுங்க. இதுக்கப்புறமும் ரெண்டு மூணு பேரு மிஞ்சுவாங்க, அவங்களோட மல்லுக்கட்டாதீங்க, கார்டோ நம்பரோ குடுத்துருங்க. ஒருத்தர் கார்ட இன்னொருத்தர் தேய்ச்சிருவாங்களேன்னு பயந்தா, மூணு பேரத்தான கவனிக்கணும், சூப்பர்வைசருக்கு அது ஒரு வேலையே இல்ல.

இன்னொண்ணு, மிஷின எந்தச் செவுத்துல மாட்டிருக்கீங்க? கிழக்கப் பாத்த வாசல்னா எட்டே காலுக்கு வெயில் நேரா கண்ணாடி மேல விழும், உள்ள இருக்கற லைட்ட வெச்சுத்தான் அது ரேகையப் படிக்குது, வெயில் அடிச்சா தடுமாறும். முகம் பாக்குற மிஷினுக்கும் இதே கதைதான், ஆளுக்குப் பின்னாடி வெயில் இருந்தா மூஞ்சி கருப்பாத்தான் தெரியும். ரெண்டடி தள்ளி நிழல்ல மாட்டுங்க. கூட்டத்துக்கும் கணக்கு இருக்கு, ஆளுக்கு 4 செகண்டுன்னா 70 பேருக்கு 280 செகண்டு, அஞ்சு நிமிஷம் கூட இல்ல. அந்த 12 பேரு ஆளுக்கு 20 செகண்டு நின்னாத்தான் வரிசை ரோட்டுக்குப் போகுது.

இதெல்லாம் பண்ணியும் சரிவரலைன்னா முகத்துக்குப் போங்க, தப்பில்ல, தேய்ஞ்ச கைக்கு அதுதான் நல்லது. ஆனா கடையிலயே உங்க முகத்தப் பதிஞ்சுட்டு, உங்க போட்டோவ செல்போன்ல பெருசாக்கிக் காட்டிப் பாருங்க. "தேங்க்யூ"ன்னு சொல்லுச்சுன்னா அந்த மாடல அங்கயே வெச்சுட்டு வந்துருங்க.

சனிக்கிழமை சண்டைக்கு வருவோம், உங்களுக்கு நிஜமா வலிக்குற இடம் இதுதான். எந்த மிஷின் வாங்குனாலும் இது தீராது, ஏன்னா மிஷினுக்கு ஷிப்டும் தெரியாது ஒன்றரை ஷிப்டும் தெரியாது, எத்தன மணிக்கு யாரு வெச்சாங்கங்கறது மட்டும்தான் தெரியும். மத்தது எல்லாம் சாஃப்ட்வேர்ல யாரோ போட்டு வெச்ச ரூல். சாயந்திரம் வெக்க மறந்தா அன்னிக்கு ஆப்சென்ட்டா, அரை ஷிப்டா, முழுசா? ஷிப்மெண்ட் அவசரத்துல ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஓட்டுனீங்கன்னா, பன்னெண்டு தாண்டி வெக்கிற விரல் மறுநாள் கணக்குல விழுந்து, முந்தின நாள் அவுட் இல்லாம நிக்கும், ஓவர்டைம் பூரா காணாமப் போகும். ராப்பகலா நின்னவனுக்கு அரை நாள் சம்பளம் காட்டுனா சண்டைக்கு வராம என்ன பண்ணுவான். நாள் எத்தன மணிக்கு முடியுதுங்கறத விடியக்காலை நாலுக்கோ அஞ்சுக்கோ மாத்தி வைக்கச் சொல்லுங்க. வாசல்ல ஒரு நோட்டு வைங்க, ரேகை விழாதவங்க, மறந்தவங்க அன்னிக்கே எழுதி சூப்பர்வைசர் கையெழுத்து வாங்கணும், சனிக்கிழமை வந்து சொன்னா செல்லாது. பீஸ் ரேட் டெய்லருக்கு அஞ்சு நிமிஷ லேட்டுக்கெல்லாம் புடிக்காதீங்க, தைச்ச பீஸுக்குத்தான காசு குடுக்குறீங்க.

கடிகாரத்தையும் பாருங்க. ஒரு கம்பெனில ரெண்டு வாரமா பாதிப் பேருக்கு லேட்டுன்னு காசு புடிச்சிருந்தாங்க, ஓனரு ஆளுங்க மேல செம கடுப்புல இருந்தாரு. நான் போயி சும்மா என் போன எடுத்து மிஷின் பக்கத்துல புடிச்சேன், மிஷின் 11 நிமிஷம் முன்னாடி ஓடிட்டு இருந்துச்சு. அதுல அட்மின்னு யாரையுமே பதியல, அப்படி விட்டா யாரு வேணா மெனுக்குள்ள போயி நேரத்த மாத்தலாம். யாரு மாத்துனாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியல, புடிச்ச காச அந்த ஓனரு திருப்பிக் குடுத்தாரு, அந்த வரைக்கும் நல்ல மனுஷன். உங்க மிஷின்ல இன்னிக்கே மெனு பட்டன அமுத்திப் பாருங்க, யாருன்னு கேக்காம உள்ள விட்டா உங்க விரல அட்மினா போட்டுருங்க.

லாக் விஷயத்துல குடோனுக்குப் போடலாம், மெயின் வாசலுக்கு வேண்டாம். இவ்ளோ துணியும் நூலும் இருக்கற எடத்துல தீப்பிடிச்சா 70 பேரு ஒரே கதவுக்குத்தான் ஓடுவாங்க, அப்ப யாரும் விரல் வெச்சுட்டு நிக்க மாட்டாங்க. குடோனுக்கு ஈஎம் லாக்கே போடுங்க, அது கரண்டுல புடிக்கிற காந்தம், கரண்ட கட் பண்ணா விட்டுரும். உள்பக்கம் எக்ஸிட் பட்டனும், கண்ணாடிய உடைச்சா லாக்குக்குப் போற கரண்ட நேரா கட் பண்ற பொட்டியும் கண்டிப்பா வேணும், மிஷின் வழியா சுத்திப் போற வயரிங் ஆகாது, மிஷின் ஹேங் ஆனா கதவும் ஹேங். லாக்க திறக்குற ரிலே, அதாவது கரண்டுல இயங்குற சின்ன சுவிட்ச், ரூமுக்கு உள்ளாற இருக்கணும். வெளிய மாட்டுன மிஷினோட முதுகுலயே இருந்துச்சுன்னா, ரெண்டு ஸ்க்ரூவ கழட்டி லாக்குக்குப் போற வயர புடுங்குனாப் போதும், கதவு திறந்துரும்.

சட்டத்துல, வேலை சம்பந்தமான தேவைக்கு ஊழியரோட தகவல வெச்சுக்கறதுக்கு 2023ல வந்த டேட்டா பாதுகாப்புச் சட்டம் எடம் குடுக்குது. அதோட ரூல்ஸ் 2025 நவம்பர்ல வந்துச்சு, முக்கியமான கடமைங்க 18 மாசம் கழிச்சு அமலுக்கு வரும். பாதுகாப்பா வெக்காம வெளிய போச்சுன்னா அபராதம் 250 கோடி வரைக்கும் போகலாம்னு போட்டிருக்கு, உங்க சைஸ் கம்பெனிக்கு அவ்ளோ வராதுதான், ஆனாலும் எதுக்கு எடுக்கறோம், வேலைய விட்டா அழிச்சிருவோம்னு தமிழ்லயும், ஒடிசா பீகார் ஆளுங்க இருந்தா இந்திலயும் ஒரு தாள் எழுதி கையெழுத்து வாங்கி வைங்க. இந்த மிஷின்ல வெக்கிற விரலுக்கும் ஆதாருக்கும் சம்பந்தமில்லைன்னு அதுலயே போடுங்க, ஆளுங்களுக்கு அந்த பயம்தான் அதிகம். தனியார் கம்பெனி ஆதார் ரேகையக் கேக்குறதுக்கு வழி விட்ட சட்டப்பகுதிய சுப்ரீம் கோர்ட் 2018லயே அடிச்சிருச்சு.

வெளிய போறதுங்கறது சும்மா பயமுறுத்தல் இல்ல. 2019ல சுப்ரீமாங்கற கொரியா கம்பெனியோட பயோஸ்டார் 2 சிஸ்டம் இன்டர்நெட்ல திறந்து கிடந்ததை ஆராய்ச்சியாளருங்க கண்டுபுடிச்சாங்க, பத்து லட்சம் பேருக்கு மேல கைரேகை அதுல இருந்துச்சு. 2024ல ஜெட்கேடெக்கோங்கற சீனா கம்பெனி மிஷின்ல 24 பாதுகாப்பு ஓட்டைன்னு காஸ்பர்ஸ்கிங்கற சைபர் பாதுகாப்பு கம்பெனி சொல்லுச்சு. அதனால வீட்டுல இருந்தே அட்டெண்டன்ஸ் பாக்கணும்னு ஆசைப்பட்டு ரூட்டர்ல வழி திறந்து விடாதீங்க, கம்பெனிக்குள்ள இருக்கற நெட்வொர்க்கோட நிக்கட்டும். டீலர் சர்வீசுக்குன்னு கம்ப்யூட்டர்ல போட்டு வெச்ச எனிடெஸ்க்கையும், அதாவது வெளிய இருந்தே உங்க கம்ப்யூட்டர இயக்குற சாஃப்ட்வேரையும், வேலை முடிஞ்சதும் மூடிருங்க.

நாளைக்கே முகத்துக்கு மாறுனீங்கன்னா பழைய மிஷின எக்ஸ்சேஞ்சுக்கு அப்படியே தூக்கிக் குடுத்துறாதீங்க, 70 பேரு ரேகை அதுக்குள்ள இருக்கு. மெனுல போயி எல்லாத்தையும் அழிச்சுட்டு, உங்க விரலயே ஒரு தடவ வெச்சுப் பாருங்க. "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்"னு சொன்னாக் குடுங்க.