தேத்தண்ணி ஊற்றியவர்

அன்பின் அக்கா,

கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். சுப்பவைசர்மாருக்கும் லைன் லீடர்மாருக்கும் 'அனைவரையும் உள்ளடக்கிய தலைமைத்துவம்' என்று இரண்டு நாள் பயிற்சி வைக்கச் சொல்லிக் கொழும்பிலிருந்து அறிவித்திருக்கிறார்கள். போன வருடமும் வைத்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. 'வன்னிச் சனத்துக்குத் தலைமைத்துவம் வராது, யுத்தம் எல்லாத்தையும் நசுக்கிப்போட்டுது' என்கிறார் எங்கள் மனேஜர். எனக்கும் சில வேளை அப்படித்தான் தோன்றுகிறது. எந்தப் புத்தகத்தை வைத்துப் பயிற்சியைத் தயாரிக்கலாம்? வளவாளர் சிங்களத்தில் பேச மொழிபெயர்ப்பதா, தமிழ் வளவாளரைத் தேடுவதா? 'மனிதவளம்' என்ற சொல்லே பிடிக்காது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். ஏன்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்பின் தம்பி,

மனிதவளம் என்ற சொல்லில் இப்போது கோபம் இல்லை. வயது போய்விட்டது, சொற்களோடு சண்டை பிடிக்கத் தெம்பில்லை. 1970 அளவில் 'மனிதவள அபிவிருத்தி' என்ற பெயரைப் பரப்பிய லெனாட் நாட்லர், குறித்த காலத்துக்குள் ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் கற்றல் அனுபவம் என்றுதான் அதற்குப் பொருள் சொன்னார். நல்ல பொருள். எங்கள் ஊரில் அது ஒரு பைல், ஒரு பேனை, மத்தியானம் ஒரு சாப்பாட்டுப் பார்சல் என்று சுருங்கியதற்கு அந்த மனிதர் என்ன செய்வார்!

புத்தகம் எதையும் எடுங்கள். எல்லாம் ஒன்றுதான்.

ஆனால் மனேஜரின் அந்த வசனம். அதைவிட, 'எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது' என்று நீங்கள் பின்னால் ஒட்டிவைத்தது. இதே வசனத்தை ஒரு காலத்தில் அறிக்கையில் எழுதிக் கையெழுத்தும் போட்டவள் நான். கொஞ்ச நாளாக அந்த அறிக்கைதான் மனதில் கிடந்து உறுத்துகிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்து மாட்டிக்கொண்டது. ஏச்சு விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011. ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். மீள்குடியேறி ஒரு வருடமும் ஆகாத கிராமம். தறப்பாள் கொட்டிலில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம். பிளாஸ்ரிக் கதிரைகள் கொஞ்சம், மற்றவர்களுக்குக் கீழே படங்கு. யார் கதிரையில், யார் படங்கில் என்று ஒருவரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தலைவி தெரிவில், அதிகாரிகள் வந்தால் நன்றாகப் பேசக்கூடிய ஒருவரை நான்தான் கண்ணால் காட்டினேன். கொட்டிலுக்குப் பின்னால் மூன்று கல் அடுப்பில் ஓர் அம்மா தேத்தண்ணி போடுவார். 1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்த குடும்பம். சொந்தக் காணி இல்லை, அடுத்தவர் வயலில் கூலி. கூட்டம் முடியும் நேரம் வரவுத் தாளைக் கொண்டுபோய் நீட்டுவேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, கடைசி இலக்கத்துக்கு நேரே மெதுவாகக் கையெழுத்து வைப்பார். எட்டு மாதம். எட்டு மாதமும் அந்தத் தாளின்படி அவர் கூட்டத்தில் பங்குபற்றியவர்.

என் அறிக்கை இப்படி முடிந்தது: 'அங்கத்தவர்களிடையே தலைமைத்துவப் பண்பு குறைவு. சுழற்சிக் கடனைத் திருப்பிச் செலுத்துவதில் பொறுப்பின்மை. மேலும் பயிற்சி தேவை.'

மேலும் பயிற்சி கொடுத்தோம்.

பிறகு ஒருநாள் முறிகண்டியில் பஸ் நின்றபோது அந்த அம்மாவும் என்னோடு இறங்கினார். கச்சான் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். 'இவ எங்கட வாளி அம்மா எல்லோ' என்றாள் என்னிடம். யுத்தம் முடிந்த நேரம் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மனிக்பாம் முகாமில் தண்ணீர் பவுசர் வரும்போது அடிபிடி. வாளிகளை உதைத்துப் போட்டுக்கொண்டு ஓடுவார்களாம். இந்த அம்மா ஒருநாள் போய், ஆட்களை அல்ல, வாளிகளை வரிசையாக அடுக்கத் தொடங்கியிருக்கிறார். ஒவ்வொரு வாளியின் கைபிடியிலும் அந்தந்தக் குடும்பத்துத் துணித்துண்டு ஒரு முடிச்சு. பச்சைக் குழந்தை உள்ள வீட்டு வாளியும் நடக்க முடியாதவர் வாளியும் முன்னுக்கு. குழாயைப் பிடிக்கிற ஆள் தினமும் மாறவேண்டும், தன் சொந்தக்காரருக்கு இரண்டு தரம் நிரப்பக்கூடாது என்பதற்காக. பவுசர் வராத நாள் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு அதிகாரியிடம் போய் நின்றிருக்கிறார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், இதை ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று.

'நீங்க கேக்கலியே பிள்ளை. தேத்தண்ணி போடச் சொன்னீங்க, போட்டேன்.'

அடுத்த கூட்டத்துக்கு நான் தேத்தண்ணி போடப் போனேன். சாயம் ஊறாமல் வெந்நீராய் இருந்தது, அவரே வந்து கேத்திலைப் பறித்துவிட்டார். சரி என்று கூட்டத்தை அடுப்படிக்கு மாற்றினோம். கதிரைகள் வரவில்லை. கடன் பேச்சு வந்தபோது, சாயத்தை வடித்தபடியே சொன்னார்: 'கார்த்திகையில தவணை வச்சா யாரு கட்டுவா? வெட்டு மாசியில. கூலிக்காரங்க கையில காசு அப்பதானே வரும்.' காலபோக நெல்லை எப்போது வெட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நிதியாண்டு மார்கழியோடு முடிவதால் அதற்கு முன்னால் காசு வரவேண்டும் என்று எங்கள் அலுவலகம் வைத்த திகதி அது. சனத்தின் பொறுப்பின்மை என்று நான் எழுதியது, எங்கள் நாட்காட்டிப் பிழை. தவணையை மாசிக்குத் தள்ளினோம். பெரும்பாலானோர் கட்டினார்கள்.

இப்போது சொல்லுங்கள், யுத்தம் எதை நசுக்கியது?

வாய் திறக்காத சனம் என்கிறீர்கள். எத்தனை பட்டியல்களில் பெயர் எழுதிய சனம் இது, தம்பி. எந்தப் பட்டியல் நிவாரணத்துக்கு, எந்தப் பட்டியல் வேறெதற்கு என்று தெரியாமல் வருடக்கணக்காகப் பெயர் கொடுத்தவர்கள். முன்வரிசையில் நிற்கிறவரின் முகம்தான் முதலில் நினைவில் நிற்கும் என்று பட்டுத் தெரிந்தவர்கள். அவர்கள் புது ஆளுக்கு முன்னால் பேசாமல் இருப்பது கெட்டித்தனம். உங்கள் மனேஜர் அந்த மண்டபத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

அப்புறம், யார் பேசலாம் என்பதைச் சட்டமும் எழுதித்தான் வைத்திருந்தது. எங்கள் குடியேற்றத் திட்டங்களில் பெர்மிட் காணிகள், அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்த காணிகள், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் பெயர் எழுதாமல் ஒருவர் செத்தால், பிள்ளைகளில் மகன்மாருக்குப் பிறகுதான் மகள். 2022ல்தான் அதைத் திருத்தினார்கள். காணி உள்ளவருக்கு வாய்க்கால் கூட்டத்தில் கதிரை. காணி இல்லாதவரும் காணிக்காரரின் மனைவியும் வரம்பில் நின்று தண்ணீர் கட்டுவார்கள், கூட்டத்தில் இருக்கமாட்டார்கள். தண்ணீர் திறந்துவிடும் துருசு எங்கே ஒழுகுகிறது என்று வரம்பில் நிற்பவருக்குத்தானே தெரியும்!

நீங்கள் படித்த பிள்ளை, அதனால் இதையும் சொல்கிறேன். இங்கிரிட் நெம்பாட், ஏமி எட்மன்சன் என்ற இருவர் 2006ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பச்சிளம் குழந்தைகளுக்கான 23 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செய்தது. பதவி உயர உயரப் பயமில்லாமல் பேச முடிகிறது, கீழே போகப் போக வாய் அடைக்கிறது என்று கண்டார்கள். ஆனால் மேலே இருக்கும் வைத்தியர் மற்றவர்களின் பேச்சைக் கேட்டு வாங்கி, அதை மதிக்கிற இடங்களில் அந்த இடைவெளி குறைந்திருந்தது. பாருங்கள், அங்கே மாறவேண்டியவர் மேலே இருப்பவர். உங்கள் பயிற்சிக்குக் கூப்பிட்டிருப்பது யாரை? லைன் லீடர்மாரை. மனேஜர் முதல்நாள் குத்துவிளக்கேற்றிவிட்டுப் போய்விடுவார், இல்லையா?

எங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் தலைமைத்துவப் பயிற்சிச் சான்றிதழ்களை லமினேற் பண்ணி, காணிப் பத்திரத்தோடும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவோடும் ஒரே பைக்குள் வைத்திருக்கிறார்கள். ஒருவரிடம் ஒன்பது எண்ணினேன். ஒரு கூட்டத்தை நடத்த அவரை ஒருதரமாவது விட்டதில்லை. பயிற்சியை எப்படி மதிப்பிடுவது என்று டொனால்ட் கேக்பற்றிக் 1959ல் நான்கு படி சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாறினார்களா, பலன் வந்ததா. நாங்கள் முதற்படியில் சிரித்த முகம் ஒன்றுக்குப் புள்ளடி போடவைத்துத் தாளைச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

இரண்டு நாள் பயிற்சி வைக்கத்தான் வேண்டும் என்றால் வையுங்கள், சம்பளம் வாங்குகிறீர்கள். அதோடு ஒன்று செய்து பாருங்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எல்லோருக்கும் லீவு வேண்டும், கொடுக்க முடியாது, ஒவ்வொரு வருடமும் சுப்பவைசர் தனக்குப் பிடித்தவர்களுக்குக் கொடுப்பார். அடுத்த முறை ஒரு லைனில் அந்த லீவுப் பட்டியலை மெஷினில் இருக்கும் பெண்களிடமே கொடுங்கள். இத்தனை பேர் போகலாம், யார் என்று நீங்களே முடிவெடுங்கள் என்று. சண்டை வரும். வரட்டும். போய்த் தீர்த்துவைக்காதீர்கள். அவர்கள் கொடுக்கும் பட்டியலை மனேஜர் ஓர் எழுத்தும் மாற்றாமல் கையெழுத்து வைக்கவேண்டும், அதுதான் அவருக்கான பயிற்சி. மாற்றினாரென்றால் எனக்கு எழுதுங்கள், அந்த ஆளை வேறு விதமாக ஏசுகிறேன்.

உங்கள் மொழிக் கேள்வி மறந்தே போய்விட்டது. தமிழ் வளவாளர் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் பவர்பொயின்றை மொழிபெயர்ப்பாளரிடம் முதல்நாளே கொடுங்கள், காலையில் கையில் திணிக்காதீர்கள். அப்புறம், பயிற்சியைப் பின்னேரம் வைத்தால் விசுவமடுப் பக்கம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள். தேத்தண்ணியை யார் ஊற்றுகிறார் என்றும்.

அன்புடன்,
அக்கா